காரை வீட்டைத் தொடுமுன்

குலசேகரன்பட்டினத்தில் 1920-களில் எழுந்த வீடு என்றால் அதன் மூலக்கட்டில் பெரும்பாலும் சிமென்ட் இருக்காது. இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்தது. கடற்சிப்பியை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கிய அந்த ஆலை நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலைதான் காலூன்றியது. அந்தச் சரக்கு திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் கடற்கரை ஊர்களுக்கு வந்து சேர்ந்து, கொத்தனார்களின் கைக்குப் பழகப் பல காலம் ஆயிற்று. அதுவரை இங்கே கட்டியவர்களிடம் இருந்தது சுண்ணாம்புதான். சிப்பியைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்த காரை. செங்கல்லையும் செங்கல்லையும் பிடித்து வைத்ததும், சுவரை மூடியதும், மேல்தளத்தில் தட்டி இறுக்கியதும் அதுவே.

முதன்முறையாகத் தன் கையால் ஒரு பழைய வீட்டை மராமத்து செய்ய இறங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். காரை வீட்டுச் சுவருக்குள் ஈரம் வரும்; வந்த ஈரம் காற்றில் உலர்ந்து வெளியே போகும். அப்படிப் போகும் என்று நம்பித்தான் கட்டியிருக்கிறார்கள். முற்றமும், உயரமான கூரையும், கதவுக்கு மேலே வைத்த காற்றுத் துவாரங்களும் அதற்குத்தான். நாம் செய்யும் எந்த வேலையும் அந்த வழியை அடைக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் சொல்வதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

உப்பு என்ன செய்கிறது

இந்தக் கரையில் நிலத்தடி நீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. அடித்தளத்தின் வழியாக ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் பளிங்காகிறது. பளிங்கு வளர வளரத் தன்னைச் சுற்றி இருப்பதைத் தள்ளுகிறது. பட்டாசாலைச் சுவரில் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கிறதே, அது இதனால்தான்.

அதைப் பார்த்ததும் வேலைக்கு வந்தவர் சொல்வார்: "அண்ணாச்சி, இதைக் கொத்தி எடுத்துட்டு சிமென்ட்டு பூசிருவோம். ரெண்டு நாள் சோலி." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கற்ற தொழில் அது. பூசி முடித்ததும் சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் ஈரம் நிற்காது. முன்னால் வெளியேற முடியாததால் இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் உள்ளேயே பளிங்காகத் தொடங்கும். சில ஆண்டுகளில் அந்தச் சிமென்ட் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போது, பின்னால் இருக்கும் செங்கல் பாதி தூளாகியிருக்கும். காரைப் பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல் உதிர்ந்தால் சுவரையே எடுத்துக் கட்ட வேண்டும். பூச்சு தன்னை இழந்து சுவரைக் காப்பாற்றுகிறது. ஆகவே பூச்சு உதிர்வதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

கான்கிரீட்டுக்கும் இங்கே ஆயுள் குறைவு. உப்பு உள்ளே நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடிக்கிறது. பழைய வீட்டோடு பின்னாளில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் அறை இருந்தால், அதன் கூரையடியை முதலில் பாருங்கள். மூலவீடு திடமாக நிற்க, நாற்பது வயதுகூட ஆகாத அந்த அறைதான் கம்பி தெரிய நிற்கும்.

கைவைக்கும் காலம்

முதலில் காகிதம். பூர்வீக வீடென்றால் பங்காளிகள் எத்தனை பேர், பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா, பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுச் செலவைத் தொடங்குங்கள். கூரை மாற்றிய பிறகு மும்பையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உரிமை கேட்டு வரும் கடிதம் மிகுந்த மனவருத்தம் தரும். கடலுக்கு அருகே இருக்கும் வீடு என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்தை, இருக்கும் அடித்தளப் பரப்புக்குள் பழுதுபார்க்க அந்த விதிகள் இடம் தருகின்றன. பரப்பை நீட்டினால் கதை வேறு. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த வீட்டில் இருங்கள், அல்லது அடிக்கடி போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்கு மழை ஐப்பசியும் கார்த்திகையும்தான். எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று சாக்பீஸால் சுவரிலேயே தேதி போட்டுக் குறியுங்கள். வெயில் காலத்தில் பார்த்து எழுதிய மதிப்பீடு இந்த ஊரில் செல்லாது. 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். அன்று தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மின்சாரப் பெட்டி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

வேலைக்கு உகந்த காலம் தை தொடங்கி. கூரையைத் தையிலும் மாசியிலும் முடித்துவிடலாம். கச்சான் காற்று எழும் ஆனி, ஆடியில் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கக் கூடாது. அதே காற்று பூச்சையும் தேவைக்கு மேல் சீக்கிரம் உலர்த்திவிடும். புரட்டாசியில் ஆள் கிடைக்காது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேடம் கட்டிக் காணிக்கை பிரிக்கப் போகிறவர்களில் உங்கள் கொத்தனாரும் சித்தாளும் இருப்பார்கள். அந்த நாட்களில் மணலும் செங்கல்லும் ஏற்றிய வண்டி ஊருக்குள் நுழைவதே கடினம். தசராவுக்கு முன்பே வேலையை ஒரு நிறுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டைப் படித்தல்

செலவில்லாத சில சோதனைகள் உண்டு. எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

செங்கல் இடுக்கிலிருந்து நெல்லிக்காய் அளவு சாந்தைப் பெயர்த்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கரைந்து அடியில் செம்மண்ணாகப் படிந்திருந்தால் உங்கள் சுவர் மண்சாந்தில் கட்டியது. மேலே மட்டும் காரைப் பூச்சு. கட்டி அப்படியே இருந்து, உடைத்தால் வெள்ளையாக, இடையிடையே சிப்பித் துணுக்கோடு இருந்தால் முழுக்கக் காரைக்கட்டு. சாம்பல் நிறமாக, நகத்தால் கீற முடியாதபடி இருந்தால் அந்த இடத்தில் யாரோ சிமென்ட் வைத்திருக்கிறார்கள். மண்சாந்துச் சுவரென்றால் பூச்சைச் சிறு சிறு பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். மொத்தமாக உரித்துவிட்டு மழையில் விட்டால் சுவர் கரையும்.

ஓதம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக்காற்றின் ஈரமா என்று அறிய, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. அறைப் பக்கம் கோத்தால் காற்றோட்டம் போதவில்லை. முற்றத்தின் மேல் பிற்காலத்தில் தகடு போட்டு மூடிய வீடுகளில் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கலாம். தகட்டை எடுத்தாலே பாதி ஓதம் போய்விடும்.

சில வீடுகளில் செங்கல்லுக்குப் பதிலாகவோ அடித்தளத்திலோ வெளிர்நிறக் கல் இருக்கும். உற்றுப் பார்த்தால் நட்சத்திர வடிவில் நெருக்கமான துளைகள். அது பவளப்பாறை. மன்னார் வளைகுடாக் கரை ஊர்களில் அதை வெட்டி வந்து கட்டியும் சுண்ணாம்புக்குச் சுட்டும் இருக்கிறார்கள். அந்த வெட்டினால்தான் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போயின. 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஆகவே உங்கள் சுவரில் இருக்கும் கல்லை எறியாமல் அதே சுவரில் திரும்ப வையுங்கள். புதிதாக யாரிடமும் கேட்காதீர்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கூரை முதலில்

சுவரைப் பார்த்து மனம் பதறும், கை கூரைக்குத்தான் போக வேண்டும். மேலே ஒழுகும்வரை கீழே எதைப் பூசினாலும் வீண்.

சீமை ஓட்டுக் கூரையென்றால் ஏணியைக் கைமரங்களின் மேல் படுக்கப் போட்டு அதன்மீது ஏறுங்கள்; ஓட்டை நேரடியாக மிதிக்க வேண்டாம். உடைந்த ஓட்டை மாற்றும்போது பழைய ஓட்டின் பின்புறம் இருக்கும் முத்திரையைப் பார்த்து, அதே வகையைத் தேடுங்கள். ஆலைக்கு ஆலை கொக்கியும் வாய்க்காலும் வேறாக இருக்கும். பொருந்தாத ஓடு ஒன்று இருந்தால் சுற்றியுள்ள நான்கு ஓடுகளும் ஒழுகும். உங்கள் ஊரில் இடிக்கும் வீடுகளே இதற்கு நல்ல கடை. கதவு, நிலை, தூண் போன்றவற்றுக்குக் காரைக்குடியின் பழஞ்சாமான் கடைகள் இருக்கின்றன.

மச்சு வீடென்றால் கவனம் இன்னும் வேண்டும். உத்திரத்தின் மேல் சிறு செங்கல்லைக் கட்டைக்குத்தாக அடுக்கி, அதன்மீது சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கட்டையால் பல நாள் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் அது. தட்டோட்டு இடுக்குகளில் ஆல், அரசு முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள். வேரோடு தளமும் பெயரும். தண்டை வெட்டி, வேரைக் காயவைத்து, பிறகு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்து அடையுங்கள். தளத்தின் மேல் தார்த்தாளோ சிமென்ட் தளமோ போடச் சொல்வார்கள். போட்டால் எடை ஏறும், அடியில் சிக்கிய ஈரம் உத்திரத்தைத் தின்னும்.

உத்திரத்தை அதன் நடுவில் சோதிப்பது வீண்வேலை. சுவருக்குள் நுழையும் முனையில்தான் அது முதலில் கெடும். அந்த இடத்தில் ஒரு திருப்புளியைக் குத்துங்கள். கால் அங்குலம்கூட இறங்காவிட்டால் வைரம் இருக்கிறது. பிஸ்கட்டைப் போல இறங்கினால் உடனே கீழே சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, அனுபவமுள்ள தச்சரைக் கூப்பிடுங்கள். உத்திரம் மாற்றுவது முதன்முறைக்காரர் செய்யும் வேலை அல்ல. சுவரை உடைத்து வாசல் வைப்பதும் அப்படித்தான். இந்த வீடுகளில் ஏறக்குறைய எல்லாச் சுவரும் பாரம் தாங்குபவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதைப் பழைய மச்சின்மேல் ஏற்றாதீர்கள். புறவாசலில் தனியாகச் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் வையுங்கள்.

வெளித் தண்ணீர்

சாலையை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டதால் பல தெருக்களில் வீட்டு வாசல் தாழ்ந்துவிட்டது. திண்ணைப் படி மூன்றில் இரண்டு மண்ணுக்குள் போயிருக்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். ஊராட்சியில் அதைச் சொல்லி மனுக் கொடுங்கள். உங்கள் பங்குக்குச் சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அள்ளி, வீட்டைச் சுற்றி வெளிநோக்கிச் சரிவு கொடுத்து, முற்றத்து மடையைத் தோண்டிச் சுத்தம் செய்யுங்கள். இது மண்வெட்டி வேலைதான். சுவர் ஓதத்தை இதைப் போலக் குறைக்கும் வேலை வேறு இல்லை.

சுண்ணாம்பு

இப்போதுதான் சுவர். உப்பு பூத்த இடத்தை உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுவதை முறத்தில் பிடித்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். பொரிந்த பூச்சை, அது நின்ற மட்டத்துக்கு மேலும் ஓரடி எடுத்துவிட்டு, செங்கல் இடுக்கை அரை அங்குல ஆழம் சுரண்டி, சில வாரம் அப்படியே காற்றாட விடுங்கள். வெள்ளம் புகுந்த வீடென்றால் மாதக்கணக்கில் விட வேண்டும்.

அந்த இடைவெளியில் சுண்ணாம்பை நீற்றுங்கள். தொட்டியில் முதலில் தண்ணீர். பிறகு சுட்ட சிப்பிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கொதித்துப் பொங்கும்போது கிட்டே குனியக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும். கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே இரண்டங்குலம் தண்ணீர் நிற்க ஒரு மாதமாவது மூடி வையுங்கள். கரண்டியில் எடுத்தால் வெண்ணெயாக வழுக்க வேண்டும்.

கடற்கரை மணலை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்காதீர்கள். தேரி மணல் மிக நைசானது, அதுவும் பூச்சுக்கு ஆகாது. கழுவிய ஆற்று மணலோ எம்-சாண்டோ போதும். கலக்கும் தண்ணீரும் உப்பில்லாததாக இருக்க வேண்டும். கிணறு கரித்தால் குடிநீரையே பயன்படுத்துங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். ஓதம் ஏறும் சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்து, நாட்டுச் செங்கல் பொடியைச் சேருங்கள், ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். கருப்பட்டிக்குப் பெயர்போன உடன்குடி பக்கத்திலேயே இருக்க, இந்த ஊர்க்காரருக்கு அது அரிய பொருள் அல்ல. அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். எனவே யார் சொல்லும் அளவையும் புறவாசல் சுவரில் ஓரடிச் சதுரம் பூசிப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து முடிவு செய்யுங்கள். வெடித்திருந்தால் சுண்ணாம்போ தண்ணீரோ கூடியிருக்கிறது. விரலில் மாவாக ஒட்டினால் சீக்கிரம் உலர்ந்துவிட்டது.

பூசும்போது சுவரை நனைத்து, கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதற்கு மிகாமல் ஒரு தடவை. அது இறுகிய பிறகு அடுத்தது. நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நேரமும் வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்து, ஒரு வாரமாவது காக்க வேண்டும். மணியாசுக் கட்டையால் மாலையில் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கோட்டு வெடிப்புகள் மூடிக்கொள்ளும். நீங்களே செய்யக்கூடிய வேலைகளில் மிகுந்த நிறைவு தருவது இதுதான். முதல் சுவர் மேடு பள்ளமாக வரும். மூன்றாவது சுவரில் கை திருந்தும். அதனால் பட்டாசாலையில் தொடங்காமல் அடுப்படிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மேலே பெயின்ட் வேண்டாம். எமல்ஷன் ஒரு தோலாகப் படிந்து ஈரத்தை அடைக்கும். வடித்த சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, கொஞ்சம் கஞ்சி சேர்த்து மூன்று தடவை வெள்ளையடித்தால் போதும்.

மற்றவை

கதவு, நிலை, தூண்களில் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, முகக்கவசத்தோடு எடுங்கள், தீயால் உரிக்காதீர்கள். கரையான் மண்குழாய் தெரிந்தால் அது தரையில் எங்கிருந்து ஏறுகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஈரமான மூலையில் முடியும். ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ இருக்கட்டும். சிவப்புத் தரை நன்றாக இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டாம். தரையில் வெளியேற முடியாத ஈரமும் சுவருக்குத்தான் வரும்.

மின்சாரத்தை மட்டும் உரிமம் பெற்றவரிடம் முழுதாக விட்டுவிடுங்கள். பழைய கட்டை வயரிங்கில் ஒரு துண்டை மாற்றி ஒட்டுவது ஆபத்து. மொத்தமும் மாற வேண்டும். புதிய எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாமல் ஓதச் சுவரில் ஒரு பிளக்கூட வைக்காதீர்கள். குழாய்களைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் மேலோடியே கொண்டுபோகலாம்.

எல்லாவற்றுக்கும் பணம் ஒரே ஆண்டில் யாருக்கும் வராது. இந்த ஆண்டு கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் கூரையையும் வெளித் தண்ணீரையும் மின்சாரத்தையும் முடித்துவிட்டு, சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் மூடி வையுங்கள். நாள் ஆக ஆக அது நன்றாகத்தான் ஆகும். சுவர் அடுத்த தை வரை நிற்கும்.